லேபிளைக் கிழிக்காமல் விற்பது: சுங்கை சிப்புட்டில் ஒரு ஹோஸ்டிங் மறுவிற்பனை

2022 தீபாவளிக்குப் பதினேழு நாள் இருந்தது. சேலைக் கடை அக்கா காலை ஒன்பதரைக்கெல்லாம் என் கடைக்கு வந்துவிட்டார். எப்போதும் "பசியாறியாச்சா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே நுழைபவர், அன்று ஒன்றும் கேட்காமல் கைப்பேசியை மேசைமேல் வைத்து என் பக்கம் திருப்பினார். பாலிடெக்னிக்கில் படிக்கும் மகன் ராத்திரி தேடி எடுத்து அனுப்பியிருந்த படம். அக்காவின் இணையதளம் குடியிருக்கும் ஐபி முகவரி, அதன் கீழே ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் பெயர், ஊர், தொலைபேசி எண். என் கடையின் பெயர் எந்த வரியிலும் இல்லை.

"இது யாரு தம்பி?"

அவர் தளம் திறக்காமல் கிடந்த முந்தின இரண்டு நாளும் நான் அவரிடம் சொல்லிவந்தது, "நம்ம சர்வர்ல மராமத்து வேலை ஓடுதுக்கா, சாயங்காலம் சரியாயிடும்" என்பதுதான். சர்வர் நம்முடையதும் இல்லை, மராமத்தும் நடக்கவில்லை, சாயங்காலம் சரியாகும் என்று எனக்கு யாரும் சொல்லவும் இல்லை.

நான் ஏதோ சொல்லி இழுத்தேன். அக்கா கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நானும் சூரத்துல எடுத்துதான் விக்கிறேன். மூட்டை வந்ததும் லேபிளைக் கிழிச்சுப் போட்டுட்டு, நானே நெய்ஞ்சேன்னு சொல்றேனா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் போன கதைதான் இந்த ஆய்வு. என்னைப்போல் சின்ன ஊரில் ஹோஸ்டிங் (இணையதளம் குடியிருக்கச் சர்வரில் இடம்) வாங்கி விற்பவர்களுக்கும், அவர்களிடம் வாங்குபவர்களுக்கும் பயன்படும் என்று முழுவதும் எழுதுகிறேன்.

சங்கிலி

மலேசியாவில், ஈப்போவிலிருந்து வடக்கே அரை மணி நேரத்தில் வரும் ஊர் சுங்கை சிப்புட். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர் பால்மரம், இப்போது பெரும்பாலும் செம்பனை. என் வாடிக்கையாளர்கள் கடைத்தெரு வியாபாரிகள், லாரி வைத்திருப்பவர்கள், ஒரு கோயில் நிர்வாகம், கல்யாணச் சாப்பாடு எடுத்து நடத்துகிறவர்கள்.

நான் வைத்திருக்கும் ரீசெல்லர் (மறுவிற்பனை) கணக்கு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக: ஒரு நிறுவனத்திடம் மாதக் கட்டணத்துக்குப் பெரிய இடமாக ஒன்றை வாங்குவேன். டபிள்யூஎச்எம் என்ற பலகையில் நுழைந்து அதைச் சிறு சிறு துண்டாகப் பிரித்து, தளத்தை நிர்வகிக்கும் மென்பொருளான சிபேனலில் ஆளுக்கொரு கணக்கு திறந்து கொடுப்பேன். பிரித்துக் கொடுப்பது ஐந்து நிமிட வேலை. மீதியெல்லாம் ஆள் வேலை. லாரி அண்ணனின் மெயில் ஏன் ஸ்பேமில் விழுகிறது என்று பார்ப்பது, சாப்பாட்டுக்காரருக்குப் படம் ஏற்றிக் கொடுப்பது, டொமைன், அதாவது தளத்தின் பெயர், காலாவதியாகுமுன் வீட்டுக்கே போய் நினைவூட்டுவது.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மளிகைக் கடைக்காரர் ஈப்போவில் சரக்கு எடுப்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் நான் பயந்தேன். மேலே யார் என்று தெரிந்தால் நேராக அங்கே போய்விடுவார்கள் என்ற பயம். அதனால் என் தளத்தில் வரிசை வரிசையாகச் சர்வர் நிற்கும் படம் ஒன்றைப் போட்டு, கீழே "எங்கள் தரவு மையம்" என்று எழுதினேன். ஒரு டொமைன் எந்தச் சர்வரில் இருக்கிறது என்று வழிகாட்டும் நேம்சர்வர்களுக்கு என் கடைப் பெயரையே வைத்தேன். மேலே இருந்த கோலாலம்பூர் நிறுவனம் எனக்கு 99.9 விழுக்காடு இயக்க நேரம் என்று வாக்குக் கொடுத்திருந்தது. நான் என் வாடிக்கையாளர்களுக்கு 99.99 என்று எழுதினேன். பார்க்க ஒரு 9 தான் கூடுதல். கணக்குப் போட்டால் முதலாவது மாதத்துக்கு ஏறக்குறைய 43 நிமிடம் நின்றுபோக இடம் தருகிறது, இரண்டாவது நாலே கால் நிமிடத்துக்குச் சற்று மேல். எனக்கே கிடைக்காத ஒன்றை எழுதி விற்றிருக்கிறேன்.

ஒரு பொய் நின்றால் அதற்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று வேண்டியிருக்கும். 2019 செப்டம்பரில் சிபேனல் தன் உரிமக் கட்டணத்தை மாற்றியது. அதுவரை ஒரு சர்வருக்கு இவ்வளவு என்று இருந்தது, எத்தனை கணக்கு இருக்கிறதோ அதற்கேற்ப ஏறும்படி ஆயிற்று. உலகம் முழுக்க என்னைப் போன்றவர்கள் திண்டாடினார்கள், நானும் விலையை ஏற்ற வேண்டி வந்தது. உள்ளதைச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் "சர்வர் எங்களுடையது" என்று சொன்னவன் அந்தக் காரணத்தை எப்படிச் சொல்வது? "எங்கள் சர்வரை மேம்படுத்தியிருக்கிறோம்" என்று எழுதி அனுப்பினேன்.

மூன்று பகல், இரண்டு இரவு

அந்த அக்டோபரில் என்ன நடந்தது என்பது எனக்கே பிறகுதான் துண்டு துண்டாகத் தெரிந்தது. கோலாலம்பூர் நிறுவனமும் ஒரு மறுவிற்பனையாளர்தான். அதற்கு மேலே அந்த வெளிநாட்டு நிறுவனம். இருவருக்கும் இடையே கட்டண பாக்கியில் தகராறு. மேலே இருந்தவர்கள் சர்வரை நிறுத்திவிட்டார்கள். என் வாடிக்கையாளர்களின் எல்லாத் தளங்களும் ஒரே நொடியில் போயின.

அக்காவின் மகன் கண்டுபிடித்த பெயரை நானும் அன்று காலைதான் முதன்முதலாகப் பார்த்தேன். இதை எழுதும்போதும் எனக்கு உறைக்கிறது. என்னிடம் ஒருவர் லேபிளைக் கிழித்துக் கொடுத்திருந்தார், அதன்மேல் நான் என் லேபிளை ஒட்டி விற்றேன். வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். கணக்கு வைத்திருப்பவரிடம் மட்டுமே பேசுவோம் என்று பதில் வந்தது. அவர்களைப் பொறுத்தவரை நான் என்று ஒருவனே கிடையாது. அக்கா என்று ஒருவர் அதைவிடக் கிடையாது.

இந்த நிகழ்வில் நான் அதிகம் யோசித்தது இனி வரும் இடத்தைத்தான். மறைப்பதற்காகச் செய்த ஏற்பாடே மீட்கும் வழியை அடைத்துவிட்டது. என் கடைப் பெயரில் நேம்சர்வர் வைத்தேன் அல்லவா, அது ஓடியதும் அதே சர்வரில்தான். சர்வர் நின்றதும் முகவரிப் புத்தகமும் சேர்ந்து நின்றது. வேறு இடத்தில் ஒரு தற்காலிகப் பக்கம் போட்டு "ஆர்டருக்கு இந்த எண்ணில் அழையுங்கள்" என்று திருப்பிவிடலாம் என்றால், திருப்பும் கைப்பிடியே உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. டொமைன் வைத்திருக்கும் இடத்தில் போய் நேம்சர்வரை மாற்றலாம். டொமைன்களையும் அதே கோலாலம்பூர் நிறுவனம் வழியாகத்தான் எடுத்திருந்தேன், அவர்களுடைய வாடிக்கையாளர் பக்கமும் படுத்துக் கிடந்தது. நகல் எடுத்து வைக்கும் பேக்கப்? "தினசரி பேக்கப் உண்டு" என்று எனக்குச் சொன்னார்கள், நானும் மற்றவர்களுக்குச் சொன்னேன். அதுவும் அதே வெளிநாட்டு நிறுவனத்தின் இன்னொரு பெட்டியில்.

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீயில் முழுக்க அழிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த பலருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தச் செய்தியைப் படித்தபோது "நல்லவேளை, நம்முடையது அங்கே இல்லை" என்று நினைத்தேன். உண்மையில் என்னுடையது எங்கே இருக்கிறது என்று எனக்கு அன்று தெரியாது. தன் தளம் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று தெரிந்தவர் அப்படி ஒரு செய்தி வந்ததும் எழுந்து ஓடலாம். தெரியாதவர் அதை வெளிநாட்டுச் செய்தியாகப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் எல்லாம் திரும்பி வந்தது. மெயில்கள் பெரும்பாலும் வந்து சேர்ந்தன, ஏனென்றால் அனுப்பும் சர்வர்கள் சில நாள் வரை திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். சேலை ஆர்டருக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. தளம் திறக்காவிட்டால் வாங்குபவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். எத்தனை போயிற்று என்று அக்காவால் சொல்ல முடியவில்லை. வராத ஆர்டரை எப்படி எண்ணுவது?

யாரிடம் போவார்கள்?

பிறகு சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க என் மனக்கணக்கு மாறியது.

பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறதே என்றுதான் முதலில் தோன்றியது. 5 வெள்ளி (ரிங்கிட்) கட்டி, 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொல்லும் பயனீட்டாளர், சொந்த உபயோகத்துக்கோ வீட்டு உபயோகத்துக்கோ வழக்கமாக வாங்கப்படும் பொருளையும் சேவையையும் வாங்குபவர். வியாபாரத்துக்காக ஹோஸ்டிங் வாங்கும் சேலைக் கடைக்கு அந்தக் கதவு சுலபத்தில் திறக்காது. மிச்சம் இருப்பது நீதிமன்றம், இல்லாவிட்டால் நான் சொல்லும் வார்த்தை. என் வார்த்தையின் கனம் எனக்கு அங்கேதான் புரிந்தது.

டொமைன் விஷயத்தில் விதி தெளிவாகவே இருக்கிறது. டாட் காம் போன்ற பெயர்களுக்கு, உலக அளவில் டொமைன் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பு, அவற்றைப் பதிந்து தரும் பதிவாளர்களோடு செய்துகொண்ட 2013 ஒப்பந்தத்தின் 3.12 பிரிவு மறுவிற்பனையாளர்களைப் பற்றியது. உன் டொமைன் எந்தப் பதிவாளரிடம் இருக்கிறது என்று வாடிக்கையாளர் கேட்டால், மறுவிற்பனையாளர் சொல்ல வேண்டும். சொல்லும்படி அவரைக் கட்டுப்படுத்துவது பதிவாளரின் பொறுப்பு. இப்படியெல்லாம் எழுதிவைக்கும் அளவுக்கு முன்பே அடிபட்டிருக்கிறார்கள். ரெஜிஸ்டர்ஃப்ளை என்ற அமெரிக்க நிறுவனம் இன்னொரு பதிவாளரின் மறுவிற்பனையாளராகத் தொடங்கியது. அது நிலைகுலைந்து 2007-ல் ஐகான் அதன் அங்கீகாரத்தை ரத்து செய்தபோது, பலர் தங்கள் டொமைனைப் புதுப்பிக்கவும் முடியாமல் மாற்றவும் முடியாமல் தவித்தார்கள். பெயரை மறைத்துவைக்கும் சேவை வாங்கியிருந்தவர்களுக்குத் தாங்கள்தான் உரிமையாளர் என்று நிரூபிப்பதே பெரும்பாடாயிற்று.

லாரி அண்ணன் ஒருமுறை, "என் டொமைன் யார்கிட்ட பதிஞ்சிருக்கு தம்பி?" என்று கேட்டார். "நம்மகிட்டதாண்ணே" என்றேன். அவர் கேட்டது எதை, நான் சொன்னது எதை! அதைவிட மோசம், நான் சொன்னது ஒரு வகையில் உண்மையாகவும் இருந்தது. வேலை சுலபமாகட்டும் என்று பல டாட் காம் பெயர்களை என் பெயரிலும் என் மெயிலிலும்தான் பதிந்திருந்தேன்.

அடுத்தது 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அக்காவின் தளத்தில் சேலை வாங்கிய பெண்களின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எல்லாம் இருக்கின்றன. எந்த வகையான மூன்றாம் தரப்புக்கு உங்கள் விவரம் போகிறது என்று அந்தப் பெண்களுக்கு அறிவிக்க வேண்டியவர் அக்கா, அது 7-ஆம் பிரிவு. நான் அக்காவிடம் மறைத்தால் அக்கா அவர்களிடம் எதைச் சொல்வார்? என் பொய் அவர் கையெழுத்தில் போகும். 2024 திருத்தத்துக்குப் பிறகு, 2025 ஜூன் 1 முதல், தரவு கசிந்தால் ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. சர்வர் யாருடையது என்று கண்டுபிடிக்கவே எங்களுக்கு மூன்றாம் நாள் ஆகிவிட்டது. 72 மணி நேரம் என்பதும் மூன்று நாள்தான்.

ஒரு பக்கக் கடிதம்

தீபாவளி முடிந்து கடிதம் எழுதினேன். தமிழில் ஒரு பக்கம், பின்புறம் மலாயில். வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் ஒவ்வொருவர் கையிலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"உங்கள் தளம் இருக்கும் சர்வர் என்னுடையது அல்ல. இன்ன நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்து உங்களுக்குத் தருகிறேன். அது இன்ன நாட்டில் இருக்கிறது. அவர்கள் எனக்குத் தரும் உறுதி 99.9 விழுக்காடு, அதற்குமேல் என்னால் உங்களுக்குத் தர முடியாது. வாரம் ஒருமுறை உங்கள் தளத்தின் நகல் ஒன்றை வேறு நிறுவனத்தில் வைக்கிறேன், கேட்டால் உங்கள் பென்டிரைவிலும் போட்டுத் தருகிறேன். உங்கள் டொமைன் இன்ன பதிவாளரிடம் இருக்கிறது. இதுவரை என் பெயரில் இருந்தால் உங்கள் பெயருக்கு மாற்றித் தருவேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாரை அழைப்பது என்பது கீழே இருக்கிறது. முன்பு தளத்தில் இருந்த தரவு மையப் படம் எங்களுடையது அல்ல. அதை எடுத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும்."

கடைசி இரண்டு வாக்கியத்தை எழுதத்தான் ஒரு வாரம் ஆனது.

இதற்குள் வேறு நிறுவனத்துக்கு மாறியிருந்தேன். இந்த முறை வாங்குமுன் நான் கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் யாரிடம் வாங்குகிறீர்கள்?" பதில் சொல்லத் தயங்கிய இரண்டு இடங்களை விட்டுவிட்டேன். நேம்சர்வரையும் சர்வரிலிருந்து பிரித்துத் தனி இடத்தில் வைத்தேன். என் கடைப் பெயர் அதில் இல்லை, வாடிக்கையாளர் பார்த்தால் வேறொரு நிறுவனத்தின் பெயர்தான் தெரியும். தெரியட்டும்.

கடிதத்தை வாங்கிய பலர் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்கள். "இதுக்கா இவ்வளவு?" என்று கேட்டவர்களும் உண்டு. மூன்று பேர் போய்விட்டார்கள். அதில் ஒருவர் நேராக மேல் நிறுவனத்திடமே வாங்கினார். நான் இத்தனை வருடம் எதற்குப் பயந்தேனோ அது நடந்தது, ஒரே ஒரு முறை. அவருக்குக் கணக்கை மாற்றிக் கொடுத்ததும் நான்தான்.

கோயில் தலைவர் கேட்டதுதான் கடினமான கேள்வி. தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் இரண்டு முறை படிப்பவர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அப்போ நீ எதுக்கு தம்பி?" என்றார்.

சட்டென்று பதில் வரவில்லை. பிறகு சொன்னேன்: "ஐயா, தைப்பூசத்துக்கு முந்தின ராத்திரி பதினொரு மணிக்குத் தளம் நின்னுட்டா, அந்தக் கம்பெனிக்கு நீங்க இங்கிலீஷ்ல எழுதிப் போட்டு வரிசையில நிக்கணும். என்னைக் கூப்பிட்டா நான் வேட்டியோட வந்து நிப்பேன். நீங்க குடுக்கிற காசு அதுக்குத்தான்யா." அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எங்கப்பா காலத்துல தோட்டத்தை வித்ததையே தொழிலாளிக்குக் கடைசியிலதான் சொன்னாங்க. லயத்துல குடியிருந்தவனுக்குத் தன் வீடு யார் கைக்கு மாறிச்சுன்னே தெரியாது" என்றார்.

தோட்டத் துண்டாடல் காலத்தைச் சொன்னார். ஐம்பது, அறுபதுகளில் பெரிய தோட்டங்கள் கைமாறித் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது வேலையையும் குடியிருப்பையும் இழந்தவர்கள் ஏராளம். அதற்குப் பதிலாகத்தான் இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார், தொழிலாளியே பங்கு போட்டுத் தோட்டத்தை வாங்கட்டும் என்று. ஒரு சர்வர் நின்றதை அந்தத் துயரத்தோடு வைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனாலும் தலைக்குமேல் நடக்கும் கைமாற்றம் தனக்குத் தெரியாமல் போவது என்றால் என்ன என்பது இந்த ஊர்ப் பெரியவர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லாத விஷயம். கோயில் கணக்கு இன்றுவரை என்னிடம்தான் இருக்கிறது.

எதைச் சொல்ல வேண்டியதில்லை

இதே தொழிலில் இருக்கும் நண்பர்கள் இரண்டு பேர் என்னோடு சண்டை போட்டார்கள். எல்லாவற்றையும் சொன்னால் லாபம் எவ்வளவு என்றும் சொல்வாயா என்று கேட்டார்கள். சொல்லமாட்டேன். அக்கா சேலையில் சூரத்து லேபிளை விட்டுவைக்கிறார், கொள்முதல் விலையை எழுதி ஒட்டுவதில்லை. வாங்குபவருக்குப் பாதிப்பு எங்கிருந்து வருமோ அதைச் சொல்வது என் கடமை. சர்வர், பேக்கப், டொமைன், தரவு, நான் இல்லாவிட்டால் யார். என் கூலி என் உழைப்புக்கு, அதை அவர்கள் விலையில் பார்த்துவிட்டு வேண்டும் வேண்டாம் என்று முடிவு செய்யலாம்.

ஆனால் ஒரு இடத்தில் எனக்கு உறுத்தல் இருந்தது. தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலை மற்றவர் படிக்காமல் காக்க உதவும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் உலகத்துக்கே இலவசம். அதை "பாதுகாப்புச் சான்றிதழ்" என்று வருடத்துக்கு 80 வெள்ளி வாங்கி விற்றிருக்கிறேன். அது உழைப்புக்கான கூலி என்று என்னையே ஏமாற்றிக்கொள்ளலாம். சர்வர் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் ஒன்றில் என் உழைப்பு எங்கே இருக்கிறது? அந்த வரியை இன்வாய்ஸிலிருந்து எடுத்துவிட்டு, ஏற்கனவே வாங்கிய கடைசி வருடப் பணத்தை அடுத்த புதுப்பிப்பில் கழித்துக் கொடுத்தேன்.

2024 பிப்ரவரியில் வெள்ளி மதிப்பு சரிந்து ஒரு டாலர் 4.80-ஐ நெருங்கியது. அடுத்த மாதமே சேவை வரி 6-லிருந்து 8 விழுக்காடானது. மேலே டாலரில் கட்டுகிறேன், இங்கே விலை ஏற்றித்தான் ஆக வேண்டும். இந்த முறை இரண்டே வரி: டாலர் ஏறியிருக்கிறது, வரி ஏறியிருக்கிறது, அதனால் வருடத்துக்கு 24 வெள்ளி கூடுகிறது. சேலைக் கடை அக்கா படித்துவிட்டு, "எனக்கும் அதே கதைதான் தம்பி, சரக்கு எடுக்கவே பயமா இருக்கு" என்றார். 2019-ல் என்ன சொல்லி ஏற்றினேன் என்பது இருவருக்கும் ஞாபகம் வந்திருக்கும். யாரும் பேசவில்லை.

டொமைன்களைப் பெயர் மாற்றும் வேலை நான் நினைத்ததைவிட இழுத்தது. டாட் காமில் உரிமையாளர் பெயரை மாற்றினால் வேறு பதிவாளருக்குக் கொண்டுபோக 60 நாள் பூட்டு விழக்கூடும், அதனால் எதை முதலில் செய்வது என்று ஒவ்வொருவருக்கும் தனியாகப் பார்க்க வேண்டியிருந்தது. சிலரிடம் மெயில் முகவரியே இல்லை. அதைத் திறந்து, கடவுச்சொல்லை அவர்கள் கையாலேயே நோட்டில் எழுதவைத்து, பிறகுதான் மாற்ற முடிந்தது.

இன்னும் இரண்டு பாக்கி. ஒன்று லாரி அண்ணனுடையது, தொழிலை மகனுக்கு எழுதிக்கொண்டிருக்கிறார், அது முடியட்டும் என்றார். இன்னொன்று பக்கத்தில் இருக்கும் லாசாவில் கல்யாணச் சாப்பாடு செய்துவந்த ஒருவருடையது. அவர் போன வருடம் இறந்துவிட்டார். மனைவி தொடர்ந்து நடத்துகிறார், கைப்பேசி எண் அதேதான், டொமைன் மட்டும் இன்னும் என் பெயரில். ஞாயிற்றுக்கிழமை அடையாள அட்டையை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். மடிக்கணினியோடு அங்கே போகிறேன்.